தலைமைக் குமாஸ்தா பாண்டுரங்க நாயுடு அவர்களுக்கு, அவர் நாற்காலிக்குக் காத்திருந்தவன் வாசித்தளித்த உபசாரப் பத்திரம்

மயிலாப்பூர், கச்சேரி ரோடு
1934-ஆம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி, சனிக்கிழமை

கட்டுக் கட்டாய்க் கிடக்கும் காகிதக் கானகத்தில் காணாமற்போனவற்றைக் கண்டெடுத்துத் தந்த கண்ணியரே! மாண்டவர் மனத்தை மனுவில் வடித்து, மற்றவர் மனஸ்தாபத்தை மட்டுப்படுத்திய மாண்பினரே! தூசிக்குத் தும்மாத தூயவரே! துயரத்தோடு வந்தவரைத் துரத்தாத தயாளரே! வக்கீல் ஸ்ரீமான் சங்கர ஐயர் அவர்களின் ஆபீசில் முப்பத்தொரு வருஷமாக முதல் மேசையில் முகம் சுளிக்காமல் வீற்றிருந்த தலைமைக் குமாஸ்தா ஸ்ரீமான் பாண்டுரங்க நாயுடு அவர்களே! தங்களுக்கு எங்கள் வந்தனம், மறு வந்தனம், மனம் சற்று முரண்டு பிடித்தாலும் மூன்றாவது வந்தனம்!

இப்பத்திரத்தை எழுதும் பாக்கியம், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதென்ற ஒரே காரணத்தால், இரண்டாவது குமாஸ்தாவாகிய என் தலையில் வந்து விழுந்தது. பத்தொன்பது வருஷமாகத் தங்களுக்குப் பின்னாலிருந்த மேசையில் உட்கார்ந்து தங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒருவருடைய முகத்தை நாலு பேர் புகழ்வார்கள். முதுகைப் பற்றிப் பேச யோக்கியதை எனக்கு மட்டுமே உண்டு. அது நிமிர்ந்த முதுகு. அதற்காகவும் நான் வயிறெரிந்ததுண்டு.

சட்டம் படியாத சாமர்த்தியரே! உயில் எழுதி வைத்தவர் போன பிறகு அந்த உயில் மெய்யானதென்று கோர்ட்டார் முத்திரை போட்டுத் தரும் புரோபேட்டு என்னும் சங்கதி, எங்களுக்குத் தலைவலி, தங்களுக்குத் தாம்பூலம். பழைய ரிக்கார்டுகள் அடுக்கியிருக்கும் அறையின் வாசலில் நான் சீட்டெழுதி நீட்டினால், உள்ளிருப்பவர் அதை வாங்கி ஆணியில் குத்திவிட்டு, "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் போனாலும் அதே நாளைக்குத்தான். தாங்கள் போனாலோ, "வா நைனா, குந்து" என்று முக்காலியைத் துடைத்துப் போடுவார். நானும் அவருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். வெற்றிலையை மென்றுகொண்டே "நாளைக்கு வாங்க" என்றார். அந்த முக்காலியில் ஒரு நாளாவது உட்கார வேண்டுமென்று நான் பட்ட ஆசை, சொன்னால் வெட்கக்கேடு.

மனுத் தாக்கல் செய்வதில் மன்னரே! நான் எழுதிய மனுக்கள் போன வேகத்தில் திரும்பி வரும். தாங்கள் எழுதியது ஒன்றேனும் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. தியாகராய நகரில் புது பங்களா கட்டிக் குடியேறி ஆறே மாதத்தில் காலமான ஒரு பிரமுகரின் மனுவை நான் எழுதினேன். வாரிசுகள் இன்னாரின்னார் என்று அழகாக ஜாபிதா போட்டு, அடியில் கோடும் கிழித்தேன். தாங்கள் அதை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து தெருவுக்குப் போய், அந்த வீட்டு ஜட்கா வண்டிக்காரரிடம், "ஐயா ஞாயித்துக்கெயமயில எங்க போவாருப்பா?" என்று கேட்டீர்கள். அவர், "கிண்டிக்கு நைனா. குதுரப் பந்தயம்னு ஊட்ல சொல்வாரு. பந்தயம் இல்லாத மாசத்துலயும் போவாரு" என்றார். அப்படித்தான் இரண்டாவது சம்சாரமும் அவர் பெற்ற மூன்று பிள்ளைகளும் என் ஜாபிதாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். பிரமுகரின் மூத்த சம்சாரத்திடம் அதைப் பக்குவமாகச் சொன்னவரும் தாங்களே; அந்தம்மாள் தங்களுக்கே மோர் கொடுத்து அனுப்பினார். எனக்குத் தண்ணீர்கூட வரவில்லை.

இவ்விதமாகத் தங்கள் பெருமைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், நீடூழி வாழ்க என்று முடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம். அப்படித்தான் முதலில் எழுதியும் வைத்தேன். ஆனால் சென்ற வாரம் நம் எஜமானர் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னார். "பாண்டுரங்கத்துக்கு அப்புறம் யாரைப் போடறதுன்னு யோசிச்சிண்டிருந்தேன். வெளியிலேர்ந்து ஒருத்தனைக் கொண்டு வரலாம்னுகூட நினைச்சேன். வேண்டாம், வேதநாயகமே இருக்கட்டும். அந்தக் கங்கம்மா கேஸ் ஒண்ணே போறும்" என்றார். நாளை மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நாற்காலி என்னுடையது. பத்தொன்பது வருஷமாக வேறு எதையும் நான் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை; சாந்தோம் கோயிலில் முழந்தாளிட்டுக்கூடக் கேட்டிருக்கிறேன்.

ஆகவே அந்தக் கங்கம்மா கேஸைப் பற்றி இச்சபையில் சொல்ல வேண்டியிருக்கிறது. சபையோர் பொறுத்தருள வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கங்கம்மா என்ற விதவை நம் ஆபீசுக்கு வந்தாள். அவள் மாமனார் முருகையன், தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய ஓட்டு வீட்டை மூத்த மருமகளாகிய அவள் பேருக்கே உயில் எழுதி வைத்துவிட்டுப் போனவர். அவள் புருஷன் அந்த உயிலுக்குக் கோர்ட்டில் புரோபேட்டு வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தான். ஒரு புயலில் கடல் வீட்டுக்குள் வந்து பெட்டியைக் கொண்டுபோயிற்று. பின்னால் புருஷனும் போய்ச் சேர்ந்தான். உயில் என்று ஒன்று கிடையவே கிடையாது, வீடு ஆண்பிள்ளையாகிய தனக்குத்தான் என்றான் கொழுந்தன். அவன்மேலும் குற்றமில்லை; அந்த உயில் கோர்ட்டுக்குப் போன காலத்தில் அவன் விவரம் தெரியாத சிறுவன். கோர்ட்டு ரிக்கார்டில் பிரதி அகப்பட்டால் அவளுக்கு வீடு உண்டு, அகப்படாவிட்டால் அவளும் இரண்டு பெண்களும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்தத் தேடுதல் எனக்குக் கிடைத்தது. எனக்கே வேண்டுமென்று நானே எஜமானரிடம் கேட்டு வாங்கினேன், நாயுடு அவர்கள் அதைத் தொடக்கூடாதென்று. கங்கம்மாவை உட்கார வைத்துக் கேட்டேன்: உன் மாமனார் இறந்தது எந்த வருஷம்? ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டு என்று கணக்குப் பார்த்தோம். எட்டாம் வருஷத்து ஜாபிதாவில் ஆரம்பித்துப் பதினைந்தாம் வருஷம் வரை, டிராமில் போய், டிராமில் வந்து, மூன்று மாதம் விரல் தேயப் புரட்டினேன். முருகையன் என்ற பெயரே இல்லை. இறந்து ஏழு வருஷத்துக்குப் பிறகுமா ஒருவன் உயிலைப் பெட்டிக்குள் வைத்திருப்பான் என்று எண்ணி, ரிக்கார்டு இல்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "அப்டின்னா நானு இன்னா பண்றது, சாமி?" என்று மட்டும் கேட்டாள். கொழுந்தனுக்கே வீட்டை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடு, இருக்கிற வரைக்கும் சோறாவது போடுவான் என்றேன். அந்த விடுதலைப் பத்திரத்தையும் இதே முத்து முத்தான கையெழுத்தில் நானே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கட்டைவிரலில் மை தடவியாகிவிட்டது. சாப்பாட்டுக்குப் போயிருந்த நீர் அப்பொழுதுதான் உள்ளே வந்தீர். ("தாங்கள்" என்று எழுத இனிமேல் என்னால் முடியாது. கோபத்தில் மரியாதை குறைகிறது, மன்னிக்க.) மை தடவிய விரலோடு நின்றவளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்.

"ஏம்மா, சண்ட எப்ப வந்துது?"

"இன்னா சண்ட, நைனா?"

"ஊட்டுக்குன்னு யாரோ சண்ட போட்டுருப்பாங்களே. சண்ட வராம எவன் உயில கோர்ட்டுக்கு எடுத்துக்கினு போவான்? பொட்டியிலயே கெடக்கும்."

உடனே அவள் முகம் மாறிற்று. "அத்த ஏன் கேக்குற, நைனா! எங்க சின்ன மாமனாரு வந்து, வல காயப் போடுற எடம் எனுதுன்னு வேலி போட்டுட்டாரு. எங்கூட்டுக்காரரு அருவாள எடுத்துக்கினு போயி, அப்பால நாலு பெரியவங்க தடுத்து, கோர்ட்டுக்குப் போன்னாங்க. என் ரெண்டாவது பொண்ணு வவுத்துல கீது அப்போ" என்றாள். இரண்டாவது பெண்ணுக்கு அன்று வயது பதினொன்று. மூன்று மாதம் அவளோடு பேசிய நான் இறந்த வருஷத்தைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை; கேட்டதற்கு மட்டும் அவள் பதில் சொன்னாள். நீர் குடையை எடுத்துக்கொண்டு டிராம் ஏறினீர். இருபத்தொன்றாம் வருஷத்து ஜாபிதா, மூன்றாம் பக்கம், முருகையன். ஐந்து மணிக்கு நம்பரோடு திரும்பி வந்துவிட்டீர். கங்கம்மா அதுவரைக்கும் மை காய்ந்த விரலை மடக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நீர் இரண்டு நாழிகை தாமதித்துச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிக்காத நாள் இல்லை. ஆனால் அன்று எனக்கு வந்தது வெட்கமல்ல, வயிற்றெரிச்சல். அவள் வீடு பிழைத்ததே என்று சந்தோஷப்படாமல், அகப்பட்டது இவன் கையிலா என்று பொருமினேன். இதை எஜமானரிடம் நீர் எப்படிச் சொல்லப் போகிறீர் என்று நினைத்து வீட்டில் சோறு இறங்கவில்லை. மறுநாள் எஜமானர், "யார்டா கண்டுபிடிச்சது?" என்று கேட்டபோது நீர் தலையைக்கூடத் தூக்காமல், "வேதநாயகந்தான் சார். மூணு மாசமா தேடிக்கினே இருந்தாரு, கெடச்சிடுச்சி" என்றீர்.

எஜமானர் என் தோளைத் தட்டி, "பேஷ்! விடாம தேடிண்டே இருந்தியே, பார்த்தியா!" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கங்கம்மா நன்றி சொல்ல ஒரு முழு வஞ்சிரத்தைக் கூடையில் கொண்டுவந்து, ஐயர் ஆபீஸ் வாசலில் வைத்ததும், அதை ஒட்டிய அவர் வீட்டுக்குள்ளிருந்து கூச்சல் கிளம்பியதே, நினைவிருக்கிறதா? அவள் உமக்குத்தான் கொண்டுவந்தாள். நீர் அதையும் வாழையிலையில் சுற்றி, "ஊட்டுக்கு எடுத்துக்கினு போ, பசங்க துன்னட்டும்" என்று என்னிடம் தள்ளினீர். துண்டு துண்டாக வறுத்துத் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

நாயுடுகாரு! ஒருவன் என்னை மட்டம் தட்டியிருந்தால் அவனை நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். எஜமானரிடம் காட்டிக் கொடுத்திருந்தால், ஊரெல்லாம் உம்மைப் பற்றிப் பேசித் திரிந்திருப்பேன். அந்தச் சுகத்தையும் எனக்கு விட்டு வைக்கவில்லையே நீர்! ஒரு நாளாவது குத்திக் காட்டுவீர் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். நீர் மறந்தே போய்விட்டீர் என்று நினைக்கிறேன்.

இன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாற்காலி எனக்கு, பெருந்தன்மை உமக்கு என்று முடிந்துவிடும். முப்பத்தொரு வருஷமாக எல்லாவற்றிலும் முந்திக்கொண்ட உம்மை இதிலும் தனியாக ஜெயித்துவிட்டுப் போக நான் விடப்போவதில்லை. ஆகையால், முன்வரிசையில் வீற்றிருக்கும் எஜமானர் அவர்களே, கேட்டருளுக: முருகையன் உயிலைக் கண்டுபிடித்தவர் பாண்டுரங்க நாயுடு. அதை இல்லையென்று சொல்லி, அந்தப் பெண்பிள்ளையின் விரலில் மை தடவியவன் நான். திங்கட்கிழமை அந்த நாற்காலியில் யார் உட்காருவதென்று தாங்கள் மறுபடி யோசிக்க வேண்டியதுதான்.

கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நாயுடுகாரு. இருந்தும் உம்மைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்று பாக்கி இருக்கிறது. எனக்கு அதைத் தூக்கிக் கொடுத்தபோது உமக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு எவ்வளவு வலிக்கிறது தெரியுமா!

ஓய்வெனும் ஓடத்தில் உல்லாசமாய் ஏறும் உத்தமரே! கண்ணும் பல்லும் காலும் கெடாமல், காப்பியும் வெற்றிலையும் கசக்காமல், பேரனும் பேத்தியும் பின்னும் முன்னும் சூழ, அடையாற்றுக் காற்று வாங்கி, நூறாண்டைத் தாண்டியும் நீர் நோயின்றி வாழ்க! உமது உயிலுக்கு மனு எழுதும் வேலை எங்களில் யாருக்கும் வாய்க்காமலே போகக் கடவது!

சாட்சிகள்: டைப்பிஸ்ட் சந்திரமௌலி, ஆபீஸ் சேவகர் மண்ணாங்கட்டி (கைநாட்டு). இவ்விருவரும் இப்பத்திரத்தை வாசித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார்கள். உயிலில் சாட்சி போடுகிறவர் உள்ளே எழுதியிருப்பதை அறிந்திருக்க வேண்டுவதில்லை என்பது சட்டம். ஆகவே அவர்கள்மேல் குற்றமில்லை.

எழுதி வாசித்தவன்,
வேதநாயகம்,
இரண்டாவது குமாஸ்தா.