ஏழாவது பிள்ளைக்கு ஒரு ஞானத்தந்தை

இந்தக் கட்டடத்தில் யாரோ சிப்பா ரொட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள். நான் உள்ளே வந்ததிலிருந்து மூக்கில் ஏறுகிறது. மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சோம்பும் சேர்ந்து வேகும் வாசனைக்கு முன்னால் எந்த விசாரணையும் பாதி வீட்டுப் பேச்சாகிவிடும், நீதிபதி அம்மா. கதவு திறந்தே இருக்கட்டும். புழுக்கமாக இருக்கிறது. நான் சொல்லப்போவதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். டாக்டர் ஒசுனாவுக்கு எதுவும் தெரியாது. அவர் ஜனாதிபதியாக இருந்த காலம் முழுக்க அவருடைய பிரசாரத்தை நடத்தியவன் நான். அவர் எங்கே சிரிக்க வேண்டும், எந்தக் குழந்தையைத் தூக்க வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. இன்று ஆட்சி மாறிவிட்டது என்பதற்காக அவர் தலையில் இதைக் கட்டாதீர்கள்.

அவருடைய ஞானப்பிள்ளை எலிஹியோவையும் நான்தான் கண்டுபிடித்தேன். தொடர்ந்து ஏழாவதாகப் பிறக்கும் ஆண்பிள்ளை வெள்ளிக்கிழமை இரவில் ஓநாயாக மாறுவான் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஆட்சியில் இருப்பவர் ஞானத்தந்தையாக நின்றால் சாபம் அண்டாது. டாக்டர் அப்போது எங்கள் மாகாண ஆளுநர். பேருந்து நிலையத்தில் தலையில் கூடையோடு சிப்பா விற்கும் ஃபெலிசியானாவுக்கு ஏழாவதும் பையன் என்று கேள்விப்பட்டதும் புகைப்படக்காரரோடு ஓடினேன். ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தை டாக்டரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. அந்தப் படம் எங்களுக்கு ஒரு தேர்தலையே ஜெயித்துக் கொடுத்தது. அவள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டாள். யாருக்கும் நஷ்டமில்லை.

வருடங்கள் போய், டாக்டர் ஜனாதிபதியான பிறகு போர் வந்தது. வடக்கு முள்ளுக்காட்டுக்காக அண்டை நாட்டோடு மூண்ட சண்டை அறுவடைக்குள் முடிந்துவிடும் என்று நாங்கள் சொன்னோம். முடியவில்லை. அதோடு பூட்ஸ் விவகாரமும் வெடித்தது. டாக்டரின் மைத்துனர் படைக்கு வாங்கிக் கொடுத்த பூட்ஸின் அடிப்பாகம் வெறும் அட்டை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. மறுதேர்தல் கூட்டங்களில் நாங்கள் பாட்டுப் போட்டு ஆளைத் திரட்டினால், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"டாக்டரே, உங்க பையனுக்கு என்ன சைஸ் பூட்ஸ்?"

"அவருக்கெதுக்குப்பா பூட்ஸு? மாட்ரிட்ல தெருவெல்லாம் சிமெண்டு!"

டாக்டரின் ஒரே மகன் அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்தான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். திட்டுகிற கூட்டத்தைச் சமாளிக்கலாம், சிரிக்கிற கூட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது. நாட்டில் எத்தனையோ வீடுகளில் துக்கம் விழுந்திருந்தது, அவர் வீட்டில் விழவில்லை. அவர் தோற்றால் பின்னால் வருகிறவர் எதிரியிடம் முள்ளுக்காட்டையே எழுதிக் கொடுத்துவிடுவார் என்று நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஃபெலிசியானா என் அலுவலகத்துக்கு வந்தாள். கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எலிஹியோ பட்டாளத்துல, பின்வரிசையில ரொட்டி சுடுறான் ஐயா. எங்கிட்டக் கத்துக்கிட்டது. இப்ப ஆள் பத்தலன்னு சமையக்காரங்களையும் முன்னுக்கு அனுப்புறாங்களாம். டாக்டரய்யா ஒரு வார்த்தை சொன்னா அவன் அடுப்படியிலயே இருந்துருவான்."

"உங்க பையன் எங்க பையன் மாதிரி. கவலைய விடுங்க."

"சாமி சாட்சியா?"

"சாமி சாட்சியா."

அன்றே டாக்டரிடம் சொன்னேன். சவரம் செய்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார். "என் ஞானப்பிள்ளைய்யா அவன். அவனோட கர்னல் பரியோஸ்கிட்டப் பேசிடு. இன்னைக்கே பேசு" என்றார். நல்ல மனிதர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பேசவில்லை. என் குற்றம் அவ்வளவுதான். போர்க்காலம், தேர்தல் நேரம், எத்தனையோ பேர் எத்தனையோ வேண்டுகோள்களோடு வருவார்கள். ஒன்று விட்டுப்போயிற்று. பையன் முன்வரிசையில், போசோ செகோ காவலரணில் இறந்தான். அங்கே தண்ணீர் இருந்ததில்லை, ரொட்டி அடுப்பும் இருந்ததில்லை.

அடக்கம் தலைநகரப் பேராலயத்தில் நடந்தது. டாக்டர் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார். படியேறும்போது எல்லோர் எதிரிலும் விக்கி விக்கி அழுதார். ஃபெலிசியானா போய் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழாதீங்க டாக்டரய்யா, அவன் உங்களுக்கும் பிள்ளைதானே" என்றாள். வானொலி அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஒருவன்கூட பூட்ஸ் சைஸ் கேட்கவில்லை. ஜெயித்தோம்.

அன்று அவள் என் கையையும் முத்தமிட்டாள். "நீங்க உங்களால ஆனதப் பண்ணீங்க ஐயா" என்றாள். அதன் பிறகும் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கு சிப்பா கொண்டுவருவாள். நான் சாப்பிட்டேன். வேண்டாம் என்றால் அவள் மனம் நோகும்.

நீங்கள் அப்படிப் பார்ப்பதிலிருந்தே தெரிகிறது, கர்னல் பரியோஸ் உங்களிடம் பேசிவிட்டார். சரி. அப்படியென்றால் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன். அரைகுறை வேலை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

கர்னலைக் கூப்பிட்டேன். சமையல்காரர்களை முன்னே அனுப்பும் பேச்சு வெறும் வதந்தி என்று அவர் சொன்னார். பையன் அடுப்படியில் பத்திரமாக இருந்தான். இருந்தபடி விட்டிருந்தால் போர் முடியும்வரை ரொட்டி சுட்டிருப்பான். நான்தான் அவனைப் போசோ செகோவுக்கு அனுப்பச் சொன்னேன்.

"ஐயா, அவன் துப்பாக்கியக்கூட ஒழுங்காப் பிடிக்கமாட்டான்" என்றார் கர்னல்.

"ஜனாதிபதியோட ஞானப்பிள்ளை அடுப்படியில ஒளிஞ்சிருக்கான்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். வரட்டுமா?"

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அவர் சொல்லித்தான் பேசுறேன்."

முதலில் ஒரு புகைப்படம் போதும் என்றுதான் நினைத்தேன். மணல் மூட்டைக்குப் பின்னால் ஜனாதிபதியின் ஞானப்பிள்ளை. படம் நன்றாகவே வந்தது, ஆனால் கூட்டங்களில் சிரிப்பு நிற்கவில்லை. அவனைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கர்னல் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அன்றைக்கே பேராலயத்துக்குக் கறுப்புத் துணி வாங்கி வைக்கச் சொன்னேன். போர்க்காலத்தில் கறுப்புத் துணி கிடைப்பது கஷ்டம். டாக்டரிடம் எதையும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அவரால் அப்படி அழ முடியாது. அவரோடு எத்தனை வருடம் பழகியிருக்கிறேன், அவருக்கு நடிக்க வராது.

இதற்காக நான் வெட்கப்படவில்லை. நாட்டுக்குத் தேவைப்பட்டது, செய்தேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஃபெலிசியானாவுக்கு இது தெரிய வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகக் கேட்கிறேன். அவளுக்கு மிச்சமிருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். அதைப் பிடுங்கி யாருக்கு என்ன லாபம்.

என்ன இது, குமாஸ்தா ஐயா, எனக்கும் ஒன்றா? நன்றி. இன்னும் சூடாக இருக்கிறது. யார் வாங்கியது? வாங்கவில்லையா? கதவுக்கு வெளியே வராந்தாவில் ஓர் அம்மா எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார்களா.

சோம்பு கொஞ்சம் கூடுதல். ஓரம் கருகியிருக்கிறது. இவ்வளவு சோம்பு போடுகிற ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும்.

அவள் காலையிலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாளா?

நீதிபதி அம்மா, அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். தயவுசெய்து சாத்தச் சொல்லுங்கள்.