உளி பிடித்தவன்

குளிர்காலத்தில் பாலைவனத்தைப் போல நடக்கத் தோதான இடம் கிடையாது, சார். வெயில் உறைக்காது. நானும் அம்மையப்பனும் வெள்ளிக்கிழமை தவறாமல் சோற்றைக் கட்டிக்கொண்டு, ராஸ் அல் கைமாவில் எங்கள் கேம்ப்புக்குப் பின்னால் இருக்கும் சரளை வெளிக்குப் போய்விடுவோம். கல்லாகிப்போன சிப்பி, நத்தைகளைப் பொறுக்குவோம். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம், குவாரி எஞ்சினியர் சொன்னார். ஆறு நாள் கல்லுடைக்கிறவன் ஏழாவது நாளும் கல்லைத் தேடிப் போகிறானே என்று ரூமில் கேலி பேசுவார்கள். பேசட்டும். எனக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நாள்.

அம்மையப்பன் மணப்பாறைப் பக்கத்துக்காரன். 2004-இல் வந்தான். வந்த ஐந்தாம் மாதம் ஊரில் அவனுக்குப் பெண் பிறந்தது. போட்டோவில் பார்த்ததோடு சரி. அவன் வருவதற்கு முன்பு ஆறு வருஷம் நான் அந்த ரூமில் யாரோடும் மனம்விட்டுப் பேசியதில்லை. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் டியூட்டிக்குப் போகாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். கேட்டுப் பாருங்கள், எல்லாருக்கும் தெரியும்.

போன ஜனவரியில் சொன்னான், "அண்ணே, நான் கேன்சல்ல போறேன். செவ்வாக்கெழம பிளைட்டு." விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் போவதைத்தான் அப்படிச் சொல்வோம். ரூமில் எல்லாருக்கும் பதினைந்து நாளாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியில் சொன்னான். அது வலித்தது, மறைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் போனோம். "பாப்பாவுக்கு ஒரு நல்ல நத்தையா எடுத்துக் குடுங்கண்ணே" என்றான். உள்ளங்கை அகலத்தில் ஒன்று பாறையில் பாதி புதைந்து கிடந்தது. அவன் குனிந்து உளியைப் பிடித்தான். நான் சுத்தியலை எடுத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. உளி பிடிக்கிறவன் சுத்தியலை நிமிர்ந்து பார்க்கக்கூடாது. பார்த்தால் கை ஆடும். கண் உளி நுனியிலேயே இருக்க வேண்டும். அடிக்கிறவன் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் "ம்" என்று குரல் கொடுப்பான். நான் கொடுத்தேன். முறையை மீறவில்லை.

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. அவன் உளியை விடவே இல்லை.

"பரவால்லண்ணே" என்றான். "கை தவறிருச்சு. நீங்க பயப்படாதீங்க."

எனக்கு அவன்மேல் அவ்வளவு பாசம் வந்தது. மறுபடியும் "ம்" என்றேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டான். அதற்குப் பிறகு மூன்று அடி. மூன்றாவதற்குத் தேவை இருக்கவில்லை. மண்டை உள்ளே போயிருந்தது, ஒரு கண் வெளியே வந்திருந்தது. விரல்களைப் பிரித்துத்தான் உளியை எடுக்க வேண்டியிருந்தது. பிறகு நானே பிடித்து நானே அடித்து, நத்தையைச் சேதமில்லாமல் எடுத்தேன். அவனைப் பள்ளத்தில் படுக்கவைத்துச் சரளையால் மூடியபோது பொழுது சாயவில்லை.

கம்பெனியில் அவன் ஓடிப்போனதாக எழுதிக்கொண்டார்கள். லீவில் போன ஒருவரிடம் நத்தையைக் கொடுத்தனுப்பி, அது போய்ச் சேர்ந்த பிறகு அவன் மனைவி நாகவள்ளிக்குப் போன் செய்தேன். வேறு கம்பெனியில் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான், அங்கே போன் வசதி இல்லை என்றேன்.

கொஞ்ச நேரம் அழுதாள். "பாப்பா அந்தக் கல்ல கையில வச்சுக்கிட்டுத்தான் தூங்குது. அவருக்கு அங்க தொணைக்கு யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"நான் இருக்கேன், தங்கச்சி. வெள்ளிக்கெழம தவறாமப் போய்ப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அது சத்தியம், சார். பதினோரு மாதத்தில் ஒரு வாரம்கூட விட்டதில்லை. சோறு கட்டிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவேன். நீங்கள் என்னை உள்ளே வைத்துவிட்டால் அவன் தனியாகக் கிடப்பானே என்பதுதான் எனக்குக் கவலை.