கயிறு இழுக்குற இஞ்சினுக்குச் சாவி

— சாவி போச்சா? ஏம்பா சகாயராஜு, கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற தண்ணி இஞ்சினுக்கு ஏதுப்பா சாவி? என் காதுல பூ சுத்தாத.

— பூட்டு சாவி இல்லம்மா. உள்ள சக்கரம் ஒண்ணு சுத்துது பாருங்க, ஃபிளைவீல். அது தண்டுல நழுவாம இருக்க, நடுவுல நகத்தளவு ஒரு துண்டு சொருவியிருக்கும். அத்தத்தான் நாங்க சாவிம்போம். அது தேஞ்சிட்டா சக்கரம் நகந்துடும். இஞ்சினு கயித்தத் திருப்பி இழுக்கும்.

— இழுக்கத்தான் இழுக்குது. நேத்து தோளே கழண்டுக்கும் போல இருந்துச்சி. ஆனா என் கண்ணு முன்னாலதான் பிரிக்கணும். நல்ல சாமான உருவிக்கினு ஓட்டைய மாட்டிடுவீங்க.

— ஜோரா குந்திக்கினு பாருங்க. ஏற்கெனவே யாரோ பிரிச்சிருக்காங்க போலயே? நட்டு மூலையெல்லாம் மழுங்கிக் கெடக்குது.

— ஆரம்பிச்சிட்டியா! விழுப்புரத்துல புதுசா வாங்குனதுப்பா. ஒருத்தரும் கைய வெச்சதில்ல.

— நான் இப்பதான ஸ்பானரயே எடுத்தேன்? பேஜாரா போச்சி உங்களோட. யாரையுமே நம்ப மாட்டீங்களா?

— எப்படி நம்பறது? ஊட்டுக்குள்ளயே திருட்டு. பங்குனியில பொண்ணு பிரசவத்துக்கு வானூர் போயிருந்தேன். மவன் லாரியில வடக்க போயிட்டான். மருமவ அஸ்வினி ஒண்டியா இருந்தா. இஞ்சின்ல கைய வெக்காதடின்னு சொல்லிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பாத்தா, அவ ஒத்தக் காலுல மெட்டிய காணோம். ஒலக்கூர்ல அவங்கப்பன் சைக்கிள் கட நொடிச்சிக் கெடக்குது. வித்துக் குடுத்திருக்கா, வேற என்னா?

— அந்தப் பொண்ண கேட்டீங்களா?

— கேட்டேனே. 'கொல்லையிலதான் ஓடிக்கினு இருக்குது அத்தே'ன்றா. மெட்டி ஓடுமாப்பா? என்னா நக்கலு! பொட்டிய தூக்கிக்கினு உங்கப்பன் ஊட்டுக்கே போடின்னு அனுப்பிட்டேன்.

— நீங்க இல்லாதப்ப பயிரு காஞ்சிப் போச்சா?

— அதெல்லாம் இல்ல. கொல்லையில மல்லாட்டைப் பயிரு பூராவும் பச்சப்பசேல்னு இருந்துச்சி. அதுல அவள குறை சொல்ல முடியாது.

— சக்கரம் வந்துடிச்சி. கிட்ட வாங்கம்மா. இது கம்பெனி சாவியே இல்ல. யாரோ கையால அராவி வெச்சிருக்காங்க.

— பாத்தியா, மாத்திட்ட! நான் அப்பவே நெனச்சேன்!

— கண்ணு முன்னாலதான கழட்டுனேன்? செஞ்சது யாரோ வெவரமான ஆளு. அவசரத்துக்கு ஆணிய வெட்டி சொருவிடுவானுங்க. அப்ப தண்டே போயிடும், இஞ்சின கடாசிட வேண்டியதுதான். இவங்க மெத்துன்னு இருக்கறதா பாத்து வெச்சிருக்காங்க. அடியெல்லாம் இது வாங்கிக்கினு மத்தத காப்பாத்தியிருக்குது. ஈயம்னு நெனைக்கிறேன். இருங்க, தொடைச்சிப் பாக்கறேன். அட, வெள்ளிம்மா இது!

— வெள்ளியா? இஞ்சின்ல எவன் வெள்ளிய வெப்பான்? குடு இங்க.

— மேல்பக்கம் மட்டும் அராவாம வுட்டிருக்காங்க. மீனு வாலு மாதிரி கோடு தெரியுது பாருங்க. என்னாம்மா, அத்த ஏன் முந்தானையில முடியறீங்க?

— மீனு வாலுதான். கல்யாணத்துக்கு நான்தான் ஆசாரிகிட்ட குந்திக்கினு இருந்து செதுக்க வெச்சேன்.

— எத்த?

— நீ புதுசு எதையாவது போட்டு வெய்யிப்பா, நான் பாக்கல. இந்தத் துண்டு மட்டும் எனக்கு வேணும். ஒலக்கூர் பஸ்சு எங்க நிக்கும்?

— இஞ்சின இப்படியே வுட்டுட்டா போறீங்க? திடீர்னு அங்க என்னா வேல?

— எம் மருமவள கூட்டியாரணும். அவ நெசத்தத்தான் சொல்லியிருக்கா, பாவி எனக்குத்தான் புரியல. கொல்லையிலதான் ஓடிக்கினு இருந்திருக்குது, அவ மெட்டி.