சும்மா கிடந்த கேபிள்

காய்ச்சல் விட்ட மகளை மறுபடி காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். செங்கலடியில் ஏறிய இருவர் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இளையவனின் மடியில் நீலக் கேபிள் சுருள்.

“ஆஸ்பத்திரி நெட்வேர்க்கில சும்மா கிடக்கிற கேபிள் எண்டுதான் மச்சான் கழட்டினன். கெமராவுக்குத் தேவைப்பட்டிச்சு.”

“சும்மா கிடக்கல்லடா. நெட்வேர்க் சுவிச்சுதான் அதை அடைச்சு வெச்சிருந்த. ரெண்டு கேபிள் வழியும் ஒண்டாத் திறந்தா டேட்டா சுத்திச் சுத்தி எல்லாம் படுத்திரும். ஒண்டு அறுந்தா மத்ததைத் தானாத் திறக்கும். நீ கழட்டின பிறகு எதைத் திறக்கிற?”

“மத்ததை எலி கடிக்குமெண்டு நான் கண்டனா?”

“அதுக்குத்தானே ரெண்டு போட்ட!”

மூத்தவன் அவன் பக்கம் திரும்பினான்.

“லேப் ரிப்போர்ட் வார்ட்டுக்கு எவ்வளவு நேரம் போகல்ல?”

“மூண்டு மணித்தியாலம். டெங்கு வார்ட்டில ஒரு அம்மா, பிள்ளைட ரத்த ரிப்போர்ட் எங்க எண்டு கத்தினா.”

“பிள்ளைக்கு என்னடா நடந்த?”

“தெரியா மச்சான். கேக்கப் பயந்து வந்திட்டன்.”

கத்தியது நான்தான். மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிழைத்துவிட்டாள் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி வரும்வரை சொல்லவில்லை.