நான்காம் மாடிக்குக் கூடையில் ஏறிய பதிவுத் தபால்கள்

1991 செப்டம்பர் 14, சனிக்கிழமை, பிற்பகல் மணி 2.40.

என் பெயர் குணவதி, தகப்பனார் பெயர் நல்லமுத்து, வயது இருபத்தேழு. ஆயர் ஈத்தாம் போகும் சாலையை ஒட்டிய, லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்பில் நான்காம் மாடியில் வசிக்கிறேன். கணவர் பழனியப்பன் பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். மகன் லோகேந்திரனுக்குப் பதினொரு மாதம். நான் வரலாற்றில் பட்டம் பெற்றவள். பிள்ளை பிறந்த பிறகு வேலைக்குப் போகவில்லை. மலாய் மொழியில் வாயால் சொன்னால் அவசரத்தில் எதையாவது விட்டுவிடுவேன் என்பதால் தமிழில் எழுதித் தர அனுமதி கேட்டேன். கார்ப்பரல் ஜபருல்லா, தாமே மொழிபெயர்த்துக்கொள்வதாகச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தார்.

இம்மாதம் ஐந்தாம் தேதி இதே போலீஸ் நிலையத்தில் நான் கொடுத்த புகார் தவறு என்று தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். அந்தப் புகாரில் எங்கள் வட்டாரத் தபால்காரர் சின்னையா மீது சந்தேகம் உண்டு என்று எழுதியிருந்தேன். திங்கட்கிழமை காலை அவருக்குத் தபால் இலாகாவில் விசாரணை இருக்கிறது. அதற்கு முன்பே இது அவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

நான் ஆங்கிலேயர் ஆண்ட ஸ்ட்ரெய்ட்ஸ் காலத்துச் சதுரக் காசுகளைச் சேர்த்து வருகிறேன். ஈப்போவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் கந்தப்பு அவர்களிடம் தபால் மூலம் வாங்குவது வழக்கம். அவர் ஒவ்வொரு காசையும் கண்ணாடி போலத் தெரியும் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடி முத்திரை வைத்து அனுப்புவார். கூட்டின் உள்ளே காசின் தரமும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கும். கூடு உடைந்தால் உள்ளே இருப்பது அதே காசுதான் என்பதற்கு உத்தரவாதம் போய்விடும். அது ஒரு சாதாரணப் பழைய காசு ஆகிவிடும். இது சேகரிப்பவர்களுக்குத்தான் புரியும், என் கணவருக்கே இன்னும் புரியவில்லை.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களில் மூன்று பதிவுத் தபால்கள் வந்தன. மூன்றையும் பிரித்தபோது கூடு மூலையில் விரிசல் விட்டிருந்தது. மூன்றாவது முறை கந்தப்பு அவர்களுக்குப் போன் செய்தேன். அவர், "பிள்ளை, நான் சரவாக் வரைக்கும் அனுப்புறன், ஒண்டும் உடையேல்லை. உம்மட வீட்டு வாசலுக்கு வந்தால்தான் உடையுது, அது என்ன வாசலோ?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வழியில் யாரோ தபாலை நெம்பித் திறக்கப் பார்க்கிறார்கள், அப்படிப்பட்டவருக்கு எங்கள் வீட்டு விலாசமும் தெரியும், வீட்டில் நானும் பிள்ளையும் தனியாக இருப்பதும் தெரியும் என்று யோசித்துக்கொண்டே போய், கிரில் கதவுக்கு மூன்றாவது பூட்டு வாங்கிய பிறகு, இங்கே வந்து புகார் கொடுத்தேன், தபால் இலாகாவுக்கு இழப்பீடு கேட்டுக் கடிதமும் எழுதினேன்.

அந்தப் புகாரில் நான் ஒரு விஷயத்தை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று அல்ல, அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. அதாவது, அந்தத் தபால்களைச் சின்னையா என் கையில் கொடுக்கவில்லை. அவை கூடையில் வந்தன.

எங்கள் குடியிருப்பில் பின்பக்க ஜன்னல் வழியாகக் கயிற்றில் கூடை இறக்கி ரொட்டி, முட்டை, நாளிதழ் வாங்குவது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். என் மகன் காலை பத்தரைக்குத்தான் தூங்குவான், அதுவும் என் இடுப்பில் இருந்து தோளில் சாய்ந்தபடிதான். அந்த நேரம்தான் தபாலும் வரும். கிரில்லைத் தட்டினால் எழுந்துவிடுவான், எழுந்தால் மாலை வரை தூங்க மாட்டான். அதனால் கடந்த மே மாதம் நானே ஒரு துண்டுத் தாளில், "தபால்கார அண்ணே, பிள்ளை தூங்குகிறான். மேலே வர வேண்டாம், கதவைத் தட்டவும் வேண்டாம். பின்பக்கம் நின்று ஒரே ஒரு தடவை ஹாரன் அடித்தால் கூடை வரும்" என்று எழுதிக் கீழே உள்ள எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் ஒட்டினேன். அதன் பிறகு பதிவுத் தபால் வந்தாலும் ரசீது முதலில் மேலே வரும், நான் கையெழுத்துப் போட்டு ஒரு பாக்கெட் மைலோ பானத்துடன் கீழே அனுப்புவேன், அதன் பிறகு தபால் மேலே வரும். பதிவுத் தபாலைக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்ற விதியை அவர் மீறியது என் வற்புறுத்தலால்தான்.

புகார் கொடுத்த மறுநாளே சின்னையாவைத் தபால் பிரிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். பத்தாம் தேதி புதிய தபால்காரர் மாடியேறி வந்து கதவைத் தட்டி நான்காவது தபாலைக் கையில் கொடுத்தார். பிள்ளை எழுந்து அழுதான். பிரித்துப் பார்த்தேன், கூடு முழுசாக இருந்தது. நான் நான்கு வருடமாகத் தேடிய காசு அது. சின்னையா கொண்டுவந்தால் உடைகிறது, இவர் கொண்டுவந்தால் உடையவில்லை, ஆக நான் சந்தேகப்பட்டது சரி என்று நினைத்தேன். அன்று மாலை கணவரிடம் இதை மூன்று தடவை சொன்னேன்.

அதன் பிறகு பன்னிரண்டாம் தேதி காலை, மோட்டார் சைக்கிளில் ரொட்டியும் முட்டையும் விற்கும் அப்துல் ரஹீம் வந்தார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கூடையை இழுத்தேன். வழக்கம்போல் பத்து முட்டையில் இரண்டு உடைந்திருந்தன. நான் ஜன்னல் வழியாக, இது அநியாயம், வாராவாரம் உடைந்த முட்டையைத்தான் கொடுக்கிறீர்கள் என்று கத்தினேன்.

"அக்கா, கீழ இருக்கும்போது என் முட்டை நல்லாத்தான் இருக்கு. மேல போனா ஏன் ஒடையுது? அத உங்க கூடைய கேளுங்க லா!" என்று அவர் பதிலுக்குக் கத்தினார்.

உடனே இரண்டாம் மாடி ஜன்னலில் வடிவம்மாள் அக்கா தலையை நீட்டினார். "அது சரிதான் தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் ஒன் கூடை என் துணிக்கம்பு சொருகுற இரும்புல வந்து டங்குன்னு மோதுது. மணி அடிக்கிற மாதிரி. நான் அத வெச்சுத்தான் அடுப்புல சோத்த எறக்குறேன்" என்றார்.

எங்கள் சுவரில் துணி காயப்போடும் மூங்கிலைச் செருகுவதற்கு ஒவ்வொரு மாடியிலும் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அந்தச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. மேலே இருக்கும் எனக்குப் பிள்ளையின் மூச்சு மட்டும்தான் கேட்கும். அந்த மூன்று தபால்களும் இதே கூடையில்தான் ஏறின என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு செருப்பு மாற்றிப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல் பிள்ளையோடு இங்கே வந்தேன். கார்ப்பரல் ஜபருல்லா கேட்டுவிட்டு, முட்டை உடைவது நிரூபணம் ஆகாது, இதைத் தபால் இலாகா ஏற்காது, சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

இன்று காலை பத்து மணிக்குக் கார்ப்பரல் வந்தார். சின்னையாவும் வந்திருந்தார். என்னிடம் உடையாத கூடு ஒன்றுதான் இருந்தது, அந்த நான்காவது. வேறு எதையாவது வைத்துப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். கீழே சின்னையா சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் கேட்கவில்லை. கந்தப்பு அவர்கள் அனுப்பிய அதே அட்டை, அதே பழுப்பு உறைக்குள் கூட்டை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். கார்ப்பரல் அதைக் கீழே கொண்டுபோய்ச் சின்னையாவிடம் தந்துவிட்டு மறுபடி மேலே வந்து என் பக்கத்தில் நின்றார். அப்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

முதல் தடவை நான் பிள்ளையைக் கார்ப்பரலிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் அங்குலம் அங்குலமாக இழுத்தேன். கூடை எதிலும் படவில்லை. கார்ப்பரல் தலையை ஆட்டினார். "என்னம்மா, ராணிக்கு மகுடம் கொண்டு போற மாதிரி இழுக்கிறீங்க? தெனமும் இழுக்கிற மாதிரி இழுங்க" என்றார்.

வடிவம்மாள் அக்கா கீழிருந்து, "பிள்ளைய அவ கையில குடுங்க சார், அப்பத்தான் அவ கைவரிசை தெரியும்!" என்று சத்தம் போட்டார்.

அதன் பிறகு கூடையை மறுபடி இறக்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் இழுத்து, கயிற்றை ஜன்னல் கம்பியில் சுற்றி, மறுபடி இழுத்தேன். கூடை ஆடத் தொடங்கியது. இரண்டாம் மாடியில் டங் என்று கேட்டது. "பட்டுருச்சு லா!" என்று கீழே சின்னையா கத்தினார்.

உறையைக் கார்ப்பரலே பிரித்தார். காசுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட்டின் மூலை தெறித்து, விரிசல் எண் எழுதிய சீட்டு வரை போயிருந்தது. பழைய மூன்றையும் பக்கத்தில் வைத்தோம். நான்கும் அண்ணன் தம்பி போல இருந்தன. முதலில் கைதட்டியது நான்தான். என்னைப் பார்த்து, போன வாரம்தான் கைதட்டக் கற்றுக்கொண்ட என் மகனும் தட்டினான்.

கீழே இறங்கிச் சின்னையாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த என் துண்டுத் தாளை எடுத்துக் காட்டினார். இதை ஏன் மேலதிகாரியிடம் காட்டவில்லை என்று கேட்டேன்.

"காட்டுனா, தபால கூடையில போட்டதுக்கு ஒரு குத்தம். காட்டாட்டி, ஒடச்சதுக்கு ஒரு குத்தம். எது சின்ன குத்தம்னு எட்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கேன் தங்கச்சி" என்றார். அதன் பிறகு, "ஆனா அந்த மைலோ நல்லா இருந்துச்சு" என்றார்.

அந்தத் தாளை இதனுடன் இணைத்திருக்கிறேன். அது என் கையெழுத்து. முந்தைய புகாரில் சின்னையாவைப் பற்றி எழுதிய வரிகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். இழப்பீடு கேட்ட கடிதத்தையும் திரும்பப் பெறுகிறேன். இதன் ஒரு பிரதி இன்றே தபால் இலாகாவுக்குப் போகும் என்று கார்ப்பரல் சொன்னார். விசாரணையில் விதியை மீறியதற்கு யாரையாவது கண்டிக்க வேண்டுமானால் என்னைக் கூப்பிடலாம், பிள்ளையோடு வருவேன். சின்னையா மீண்டும் எங்கள் பக்கம் வந்தால் படியேறி வந்து கதவைத் தட்டலாம். பிள்ளை எழுந்தால் எழட்டும். கூடை சாட்சிப் பொருளாக வேண்டுமென்றால் தருகிறேன், வேண்டாமென்றால் ரொட்டிக்குத் தேவைப்படுகிறது.

இதில் உள்ளவை நான் செய்ததும், என் கண்ணால் பார்த்ததும், காதால் கேட்டதும் மட்டுமே. யாரும் பயமுறுத்தியோ சொல்லிக்கொடுத்தோ எழுதவில்லை. கார்ப்பரல் உரக்க வாசித்துக் காட்டினார், எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். இரண்டாம் பக்கத்தில் உள்ள மைத்தடங்கள் மேசையிலிருந்த முத்திரை மைப்பெட்டியில் கைவைத்த என் மகன் லோகேந்திரனுடையவை. அவன் சாட்சி அல்ல.

(ஒப்பம்) ந. குணவதி