பக்கத்து வீட்டு மனச்சோர்வு

குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கும் மகளுக்கும் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“டிப்ரஷனாம் அக்கா. தினமும் நாலு பேரோட பேசுங்கன்னு டொக்டர் சொன்னாரு. அதான் காலையில எல்லாருக்கும் குட்மோர்னிங் அனுப்புறேன்,” என்றாள் இளையவள்.

மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூனின் சத்தத்தைக் குறைத்தேன்.

“பக்கத்து வீட்டுலதானே இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?” என்றாள் மூத்தவள்.

“ஒரு கிழமையா அழுதுக்கிட்டே இருக்கேன்னு ஸ்டேட்டஸ் போட்டேனே. நீங்ககூட ஹார்ட் போட்டீங்க.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அந்திக்கு வரவா? பிளேன்டீ ஊத்தி வை.”

“வாங்க அக்கா.” இளையவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வர்றதுக்கு முந்தி ஒரு மெசேஜ் போடுங்க. திடீர்னு யாராவது கதவைத் தட்டினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது.”