காதோட காதா இருக்கணும்

இல்ல தம்பி, இந்த புளூடூத் பெருசு. கழுத்துல வயர் தொங்குதே, அது வேணவே வேணாம். காதுக்குள்ள போய் உக்காந்துக்கணும். மேல முடியை இப்படி இழுத்து விட்டா, இருக்கிறதே தெரியக்கூடாது. அந்த மாதிரி காட்டுங்க.

இதுவா? ம், பரவால்ல. ஒத்தைக் காதுக்குத்தானே? போதும், இன்னொரு காது எனக்கு வீட்டுச் சத்தத்துக்கு வேணும். சரி, இந்த நீல லைட்டு எதுக்கு மினுக்குது? பேசும்போதும் மினுக்குமா? அணைஞ்சுடும்னு நல்லாத் தெரியுமா உங்களுக்கு? இல்ல, கோச்சுக்காதீங்க, வேற ஒரு கடையில இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. அணையல. எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டுடுச்சு. யாருக்குடி துப்பு குடுக்கறேன்னு காதுலேர்ந்து பிடுங்கி வாளித் தண்ணில போட்டுட்டார். காதோரம் கீறல் இன்னும் ஆறல, பாருங்க.

பாட்டா? பாட்டு யார் கேக்கப் போறா. நான் கிசுகிசுன்னு பேசினா அந்தப் பக்கம் தெளிவாப் போகுமா, அதைச் சொல்லுங்க. தையல் மெஷின் ஓடும், குழாயில தண்ணி விழும், அதுக்கு நடுவுல. அப்புறம், நான் பேசற ஆள் அடுத்த ரூம்லயே இருந்தா கீய்னு கத்துமா? சில போன் கத்துதே.

அடுத்த ரூம்ல இருக்கிறவர்கிட்ட எதுக்குப் போன்னுதானே கேக்கறீங்க. சொல்றேன், முதல்ல மாட்டி விடுங்க, பேசிப் பாத்துடறேன். பக்கத்து வீட்டு டீச்சரை அவர்கிட்ட உக்கார வச்சுட்டு ஓடி வந்திருக்கேன். அவங்களுக்கு டியூஷன் பசங்க வந்துடுவாங்க. அவரைத் தனியா விட முடியாது. மறதி, தம்பி. கண்ணாடியை எங்க வச்சேன்னு தேடற மறதி இல்ல, டாக்டர் ஸ்கேன் எடுத்துச் சொன்ன மறதி. லாரி ஓட்டினவர். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாதி வாழ்க்கை ரோட்டுலதான். நாங்க குடும்பம் நடத்தினதே போன்லதான்னு வச்சுக்குங்களேன்.

இருங்க, மணி போகுது. உடனே எடுத்துடுவார், டிரைவர் பழக்கம்.

ஆங், நான்தாங்க. நல்லாக் கேக்குதா? கடைத்தெருவுல இருக்கேன். என்ன? அவ வெளிய போயிட்டாளா? சரி. இல்லல்ல, கதவைத் தாழ் போட வேணாம். டீச்சர் பக்கத்துலதானே இருக்காங்க? அழாதீங்க. அவ ஒண்ணும் பண்ண மாட்டா. நான் சொல்றேன்ல. வந்துடறேன், அவ வர்றதுக்குள்ள வந்துடறேன். வச்சிடட்டுமா?

நல்லா இருக்கு தம்பி. இவ்வளவு வண்டிச் சத்தத்துலயும் அவருக்குத் தெளிவாக் கேட்டிருக்கு. லைட்டும் அணைஞ்சுதான் இருந்துதா? இதையே எடுத்துக்கறேன்.

யாரு, அவர் பயப்படற பொம்பளையா? நான்தான். நேர்ல பாத்தா, எவளோ வீட்டுக்குள்ள பூந்துட்டான்னு நடுங்கறார். வாயைத் திறந்தா, என் பொண்டாட்டி குரல்ல நீ ஏன் பேசறேன்னு கையை முறுக்கறார். அதனால அவர் முன்னாடி நான் பேசறதே இல்ல. போன்ல மட்டும்தான் நான் அவருக்குப் பொண்டாட்டி. சமையக்கட்டுல நின்னுக்கிட்டு, இப்ப ஒரு அம்மா மாத்திரை கொண்டு வருவாங்க, நல்லவங்கதான், போட்டுக்குங்கன்னு சொல்லுவேன். சொல்லிட்டு நானே கொண்டு போவேன். சில நாள் வாங்கிப் போட்டுக்கிட்டு, நன்றிம்மான்னு சொல்லுவார்.

டப்பால போட வேணாம், காதுலயே இருக்கட்டும். வீட்டு வாசல்ல நின்னு ஒரு போன் போடணும். இப்ப ஒருத்தி கதவைத் தட்டுவா, உள்ள விடுங்கன்னு சொல்லணும்.